நிருபரின் பெயர் யாருடைய பட்டியலில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லையில் ராணுவ வீரர்களோடு தங்கி உங்கள் நிருபர் எழுதிய தொடரை முழுக்க வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிரில் நிற்கிற பையன்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்றெல்லாம் தமிழில் ஒருவர் விவரமாக எழுதும்போது எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் கூடவே வந்திருந்த படம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ரோந்துக்குக் கிளம்புகிற வரிசையில் உங்கள் நிருபர் நிற்கிறார். தலையில் கம்பளிக் குல்லா. ஹெல்மெட் இல்லை. மேலே பளிச்சென்ற நீலத்தில் ஒரு கவச ஜாக்கெட், அது தொங்குகிற விதத்தைப் பார்த்தாலே உள்ளே குண்டைத் தடுக்கிற தகடு இல்லை என்று தெரிகிறது. தகடு போடாத ஜாக்கெட் சிதறல் துண்டுகளையும் கைத்துப்பாக்கிக் குண்டையும் தாங்கலாம், ஏகே ரகத் துப்பாக்கியின் குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இது அவருக்குத் தெரியுமா, அனுப்பின உங்களுக்குத் தெரியுமா, கூட்டிக்கொண்டு போன யூனிட்டில் யாராவது சொன்னார்களா?

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி சுடுவதைவிட காயத்துக்குக் கட்டுப் போடுவதுதான் என் வேலை. அதனால் பத்திரிகை சுதந்திரம், தேசப் பாதுகாப்பு என்று டிவியில் பெரிய ஆட்கள் பேசும்போது என் புத்தி வேறு பக்கம் போகும். அடிபட்டால் இந்த ஆளை யார் தூக்குவார்கள் என்றுதான் யோசிப்பேன்.

படையோடு போகும் நிருபருக்கு என்று விதிகள் உண்டு. 2003ல் இராக் போருக்கு முன்னால் அமெரிக்க ராணுவத் தலைமையகம் விரிவாக எழுதி வெளியிட்டது. அந்தப் போரில் 600க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் படைப்பிரிவுகளோடு போனார்கள். எத்தனை பேர் இருக்கிறோம், எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்பதைச் சொல்லக் கூடாது. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. சொந்த வண்டியில் வரக் கூடாது. இறந்த வீரரின் பெயரை வீட்டுக்குத் தகவல் போய்ச் சேரும் வரை அல்லது 72 மணி நேரம் வரை வெளியிடக் கூடாது. இவற்றில் ஒன்றைக்கூட நான் தப்பு சொல்ல மாட்டேன். ஃபாக்ஸ் நியூஸின் ஜெரால்டோ ரிவேரா அப்போது கேமரா முன்னால் மணலில் கோடு போட்டு, படை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று விளக்கினார், அவரை வெளியே அனுப்பினார்கள். அது சரிதான். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில் நம் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் இருந்து கயிறு பிடித்து இறங்கியதை நம் சேனல்கள் நேரலையில் காட்டின, அந்த மூன்று நாட்களும் கராச்சியில் உட்கார்ந்தவர்கள் டிவியைப் பார்த்தபடியே தீவிரவாதிகளுக்குப் போனில் உத்தரவு கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2012ல் கசாப் வழக்குத் தீர்ப்பிலேயே சேனல்களைக் கண்டித்தது. கேபிள் டிவி விதியில் நேரலைத் தடை வந்ததும், 2025 ஏப்ரலில் மத்திய அரசு மறுபடி அதை நினைவுபடுத்தி அறிவுரை அனுப்பியதும் இந்த அனுபவத்தால்தான். இன்னமும் இதைப் பற்றி வாதம் செய்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

சரி, இதெல்லாம் நிருபரிடம் இருந்து படையைக் காப்பாற்றுகிற விதிகள். நிருபரைக் காப்பாற்றுகிற விதி எது? 2003ல் அமெரிக்க ராணுவம் நிருபர்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில், எனக்கு என்ன ஆனாலும் வழக்குப் போட மாட்டேன் என்று நிருபர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் அந்த அளவுக்குக்கூட எழுத்தில் எதையும் நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு அதிகாரி போனில் சரி என்பார், ஆபீஸில் யாரோ போய்ட்டு வா என்பார், பையன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்.

ஜம்மு காஷ்மீரில் எங்கள் யூனிட்டுக்கு அப்படி ஒரு இளைஞர் வந்தார். எந்த சேனல் என்று சொல்லப் போவதில்லை. காலில் கேன்வாஸ் ஷூ. ரத்த வகை என்ன தம்பி என்று கேட்டேன், தெரியாது சார் என்றார். எங்களில் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு வில்லை தொங்கும், அதில் நம்பர், பெயர், ரத்த வகை எல்லாம் அடித்திருக்கும். அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் சேனல் லோகோதான் பெரிதாக இருந்தது. ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன், ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்தார். ராத்திரி அந்த நம்பரை யார் எடுப்பார்கள் என்று கேட்டதற்கு பதில் இல்லை. நல்ல பையன், கடைசிவரை எதுவும் ஆகவில்லை. ஆனால் எதுவும் ஆகாமல் போனது அவர் அதிர்ஷ்டம், எங்களில் யாருடைய ஏற்பாட்டாலும் இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வீரரிடமும் அவருக்கான முதலுதவிக் கட்டு ஒன்று இருக்கும், ஃபீல்ட் டிரெஸ்ஸிங் என்போம். அடிபட்டவருக்கு அவரிடம் இருக்கும் கட்டை எடுத்துத்தான் போட வேண்டும், தூக்கப் போகிறவன் தன்னுடையதை எடுக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த நிமிடம் அது அவனுக்கே தேவைப்படலாம். நிருபரிடம் அது இல்லை என்றால், அவருக்கு அடிபடும்போது வேறு யாரோ ஒருவனின் கட்டு போகிறது. வெறுங்கையோடு வருகிற நிருபர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. இதை உங்கள் செய்திப் பிரிவில் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடையில் ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். 2011ல் லிபியாவின் மிஸ்ரட்டாவில் டிம் ஹெதரிங்டன் என்ற புகைப்படக்காரர் அப்படித்தான் இறந்தார், குண்டுச் சிதறல் பட்டு ரத்தம் போயே இறந்தார். கூட இருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்துகிற முறை தெரிந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று தெரிந்ததும் அவருடைய நண்பர் செபாஸ்டியன் யங்கர், போர்க்களத்துக்குப் போகும் எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லாத செய்தியாளர்களுக்கு இலவசமாக முதலுதவி கற்றுக்கொடுக்க ஒரு அமைப்பையே தொடங்கினார். டூர்னிகே என்கிற, ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற பட்டை உள்ளங்கையில் அடங்கும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் வராமல் போட்டு, ரத்தம் நிற்கும்வரை அதில் இருக்கிற குச்சியைத் திருக வேண்டும், வலியில் கத்துவார், கத்தட்டும், விடக் கூடாது, எத்தனை மணிக்குக் கட்டினோம் என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒற்றைக் கையால் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழக வேண்டும் என்பதுதான் கொஞ்சம் நேரம் எடுக்கும். பாதுகாப்பு அமைச்சகம் செய்தியாளர்களுக்காக நடத்தும் பயிற்சி வகுப்பு ஒன்று இருக்கிறது, பல வாரம் நடக்கும், கப்பல், விமானத்தளம், முன்னணி நிலை என்று கூட்டிப் போய்க் காட்டுவார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அதற்குப் போய்வருகிறவர் சிலர். படையோடு உண்மையில் போய் நிற்பவர்களில் பெரும்பாலோர் மாவட்டத்து ஸ்ட்ரிங்கர்கள், செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்கள், அந்த வகுப்பு நடப்பதே அவர்கள் காதுக்கு வராது.

குண்டு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். இராக்கில் படையோடு போய் இறந்த முதல் அமெரிக்கச் செய்தியாளர் மைக்கேல் கெல்லி, 2003 ஏப்ரல் 3ல், அவர் போன ஹம்வி என்கிற ராணுவ வண்டி துப்பாக்கிச் சூட்டில் இருந்து தப்பிக்க ஒதுங்கும்போது கால்வாயில் கவிழ்ந்து இறந்தார். மூன்று நாள் கழித்து என்பிசி டிவியின் டேவிட் புளூம். வயது 39. டாங்கிகளை இழுக்கிற வண்டியில் காலை மடக்கி உட்கார்ந்து, அதிலேயே தூங்கி, செய்தி கொடுத்துக்கொண்டே போனவர். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. கால் வலிக்கிறது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். எங்களில் ஒரு வீரன் அப்படிச் சொல்லியிருந்தால் அவன் மேலதிகாரி பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்திருப்பார். நிருபருக்கு மேலதிகாரி பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், அவருக்குத் தேவை அடுத்த நேரலை. அதற்கு மறுநாள் ஸ்பெயின் நாட்டு நிருபர் ஒருவரும் ஜெர்மன் நிருபர் ஒருவரும், பாக்தாதுக்குள் போவதைவிடப் பின்னால் இருக்கிற படைத்தளம் பாதுகாப்பு என்று தங்கினார்கள். ஏவுகணை அந்தத் தளத்தில்தான் விழுந்தது, இரண்டு பேரும் இறந்தார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். டேனிஷ் சித்திக்கி. நம் நாட்டுக்காரர், ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர், ரோஹிங்யா மக்களைப் பற்றிய படங்களுக்காக 2018ல் புலிட்சர் வாங்கிய குழுவில் இருந்தவர். 2021 ஜூலையில் கந்தஹாரில் ஆப்கன் சிறப்புப் படையோடு இருந்தார். 13ஆம் தேதி அவர் போன வண்டியிலேயே ராக்கெட் குண்டு வந்து அடித்தது, தப்பித்தார், அதைப் படத்தோடு உலகத்துக்குக் காட்டினார். 16ஆம் தேதி பாகிஸ்தான் எல்லையோரம் இருக்கிற ஸ்பின் போல்டக்கில் அவர் கொல்லப்பட்டார். முதலில் சிதறல் பட்டுக் காயம், பக்கத்தில் இருந்த மசூதிக்குக் கொண்டுபோய் முதலுதவி கொடுத்தார்கள். அதன்பிறகு தாலிபான்கள் நெருக்க, படை பின்வாங்கியது. அந்தக் குழப்பத்தில் அவரும் கூட இரண்டு கமாண்டோக்களும் அங்கேயே விடுபட்டுப் போனார்கள் என்று அந்தப் படைக்குப் பொறுப்பாக இருந்த தளபதி பிற்பாடு சொன்னதாக ராய்ட்டர்ஸே செய்தி வெளியிட்டது. விடுபட்டுப் போனார்கள். இந்த வரியை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராணுவத்தில் காலையும் மாலையும் ஆள் கணக்கு எடுப்பார்கள், கிந்தி என்போம். ரோந்து கிளம்பும்போது பெயர்ப் பட்டியல், வண்டியில் ஏறும்போது கணக்கு, இறங்கும்போது கணக்கு, பின்வாங்கும்போது கட்டாயம் கணக்கு. ஆளுக்கு ஒரு ஜோடி உண்டு, உன் ஜோடி எங்கே என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் வர வேண்டும். அப்படி இருந்தும் சண்டையில் ஆட்கள் விடுபடுவார்கள், அவருடன் விடுபட்ட இரண்டு கமாண்டோக்களே அதற்குச் சாட்சி. பட்டியலில் இருப்பவனுக்கே அந்த நிலைமை என்றால் எந்தப் பட்டியலிலும் இல்லாத நிருபர் என்ன ஆவார்? படையோடு போகும் நிருபரின் பெயர் அன்றைய பட்டியலில் ஏற வேண்டும், அவருக்கு ஒரு ஜோடி வீரரைப் பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும், அந்த வீரருக்கு அன்று வேறு பொறுப்பு கொடுக்கக் கூடாது. இதற்குப் பணம் செலவில்லை. எழுத்தில் ஒரு வரி போதும். பட்டியலில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2006 ஜனவரியில் ஏபிசி டிவியின் பாப் உட்ரஃப்புக்கும் அவர் கேமராமேனுக்கும் இராக்கில் சாலையோரக் குண்டு வெடித்துத் தலையில் பலத்த அடி. ஹெல்மெட்டும் கவச உடையும் போட்டிருந்தார்கள், வீரர்களைத் தூக்குகிற அதே வேகத்தில் தூக்கி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள், உட்ரஃப் மறு வருடம் டிவிக்கே திரும்பினார்.

சத்தீஸ்கரில் 2018 அக்டோபர் 30ல் நடந்ததை நம் ஊரில் பலர் மறந்தே போயிருப்பார்கள். தேர்தல் செய்திக்காக தூர்தர்ஷன் குழு ஒன்று தந்தேவாடாவில் அரன்பூர் பக்கம் போலீஸாரோடு பைக்கில் போனது. மாவோயிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டார்கள். கேமராமேன் அச்யுதானந்த சாகுவும் போலீஸ்காரர்களும் இறந்தார்கள். குழுவில் இருந்த உதவியாளர் தரையில் படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே குண்டு போகிற சத்தத்துக்கு நடுவில், தன் அம்மாவுக்காக செல்போனில் பேசிப் பதிவு செய்தார், நல்லவேளையாக அவர் பிழைத்தார். நிருபர்கள் கூட இருந்தது தங்களுக்குத் தெரியாது, போலீஸோடு வராதீர்கள் என்று மாவோயிஸ்டுகள் பின்னால் அறிக்கை விட்டார்கள். அந்த அறிக்கையை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, கொன்றவன் கொன்றவன்தான். ஆனால் காட்டுக்குள் இருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு, போலீஸ் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிற சாதாரண உடைக்காரர் எப்படித் தெரிவார் என்று போகிறவருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சட்டையில் பிரஸ் என்று எழுதியிருந்தாலும் அந்தத் தூரத்தில் அது படிக்கக் கிடைக்காது.

நீல ஜாக்கெட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தனியாகப் போகும்போது நீலம் நல்லது, நான் சண்டைக்காரன் இல்லை என்று தூரத்திலேயே சொல்லும். படையின் வரிசைக்குள் அதே நீலம் மொத்த வரிசையையும் காட்டிக்கொடுக்கும். அதற்காக ராணுவச் சீருடையை மாட்டிவிடுவதும் கூடாது, சில யூனிட்டுகளில் அன்பு மிகுதியில் மாட்டிவிடுவார்கள், படமெடுத்துப் போட நிருபர்களுக்கும் ஆசை. போட்ட நிமிடத்தில் அவர் எதிரி கண்ணுக்கு வீரர். மங்கலான பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் சாதாரண உடை, மூடித் திறக்கிற மாதிரி பிரஸ் பட்டை, அதுதான் நடுவழி.

சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பிவிடக் கூடாது. இரண்டு நாடுகள் மோதும் போரில் ராணுவ அனுமதியோடு போகும் செய்தியாளர் பிடிபட்டால் போர்க்கைதிக்கு உரிய பாதுகாப்பு உண்டு, 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதற்கு அனுமதி அட்டை வேண்டும். உள்நாட்டுச் சண்டையில் அந்தப் போர்க்கைதி ஏற்பாடே கிடையாது. அப்புறம் இன்ஷூரன்ஸ். நாம் சாதாரணமாக எடுக்கிற விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தைக் கொஞ்சம் பொடி எழுத்தில் படித்துப் பாருங்கள், போரும் போர் போன்ற நடவடிக்கைகளும் விலக்கப்பட்டிருக்கும். ஆபீஸில் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறது சார் என்று தைரியமாகச் சொல்கிற நிருபர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள்? மத்திய அரசின் பத்திரிகையாளர் நலத் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கலாம். கால் போன ஒருவரின் முப்பது வருட வாழ்க்கைக்கு அது எந்த மூலைக்கு?

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முன்னாள் ராணுவத்துக்காரன் பாதுகாப்பு பற்றி எழுதினால் நிருபர்களை எல்லாம் படையின் பின்னாலேயே நிற்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. படையோடு வராத நிருபரும் நிருபர்தான். 2003 மார்ச் 22ல் பாஸ்ரா பக்கத்தில் தனியாகப் போன பிரிட்டிஷ் செய்தியாளர் டெர்ரி லாய்டை அமெரிக்க வீரர்கள்தான் சுட்டார்கள், அது சட்டவிரோதக் கொலை என்று 2006ல் பிரிட்டனில் நடந்த மரண விசாரணை முடிவு சொன்னது. அவருடைய மொழிபெயர்ப்பாளரும் அன்றே இறந்தார், கேமராமேன் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. காஸாவில் 2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் ராணுவத்தோடு மட்டும் உள்ளே விட்டார்கள், எடுத்த படங்களை ராணுவத்திடம் காட்டிய பிறகே வெளியிட வேண்டும் என்று நிபந்தனை. அதைப் பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளேயே இருந்த காஸா செய்தியாளர்கள் சாவதை அது தடுக்கவும் இல்லை. இலங்கையில் 2009ல் கடைசி மாதங்களில் சுதந்திரச் செய்தியாளர் யாரையும் போர்ப் பகுதிக்குள் விடாமல், ராணுவம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதுதான் காட்சி என்று இருந்ததன் விலை நமக்குத் தெரியும். இடத்தையும் நேரத்தையும் சொல்லாதே என்று ராணுவம் கேட்கலாம். பார்த்ததைச் சொல்லாதே என்று கேட்க உரிமை இல்லை.

உங்கள் நிருபருக்கு வருகிறேன். அவர் மறுபடி போவார், போகத்தான் வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் அவர் ரத்த வகை என்ன, பத்திரம் போரை விலக்குகிறதா, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்கப் போகும் ஆபீஸ் ஆள் யார், வேண்டாம் என்று அவர் சொன்னால் வேலை போகாது என்று எழுதிக் கொடுத்தீர்களா, இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வீரர் இறந்தால் வீட்டுக்குச் சொல்லாமல் பெயரைப் போடக் கூடாது என்கிற விதி நிருபருக்கும் உண்டு என்று மற்ற சேனல்களோடும் பேசி வையுங்கள், அவர் அம்மா அதைக் கீழே ஓடுகிற எழுத்தில் படிக்கக் கூடாது. டூர்னிகே கட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் எங்கள் மாவட்டத்தில் ஓய்வு பெற்ற மருத்துவப் பிரிவு ஆட்கள் நிறைய பேர் இருக்கிறோம், காசு எதுவும் வேண்டாம். உங்கள் ஸ்ட்ரிங்கர்களையும் சேர்த்து அழையுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ மருத்துவப் பிரிவு வீரர்,
வேலூர் மாவட்டம்.